சின்ன அறைக்குக் கட்டுப்படியான சப்வூஃபர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் பெட்டி தூக்கிப் போகிறவன் என்பதால், வீட்டுக்குச் சப்வூஃபர் (பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர் பெட்டி) வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போகுமுன் என்னிடம் வந்து கேட்பார்கள். பெரும்பாலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடு. அறை பத்துக்குப் பத்து அடி, மிஞ்சினால் பத்துக்குப் பன்னிரண்டு. இன்னும் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருப்பவர்களும் வருவார்கள். கையில் நானூறு, ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) இருக்கும். அந்தக் காசு வீணாகப் போகக்கூடாது என்பதற்காகத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு ஸ்பீக்கர் ஏற்கெனவே இருக்கிறது. சப்வூஃபர் அவசியமா?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செய்தி, நாடகம், பழைய பாட்டு மட்டும்தான் என்றால் வேண்டாம், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். ஆண் பேசும் குரலே ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸில்தான் (நொடிக்கு 85 அதிர்வு; எண் குறையக் குறைய ஒலி தாழும்) தொடங்குகிறது. அதற்குச் சாதாரண ஸ்பீக்கரே போதும்.

பேஸ் கிட்டார் வேறு கதை. அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். நான்கு அங்குலக் கோன் (முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்பும் கூம்பு) உள்ள மேசை ஸ்பீக்கர் 70, 80 ஹெர்ட்ஸிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே போகுமே, அது கீழ்க்கம்பிக்கு இறங்கும் இடத்தில் சின்ன ஸ்பீக்கரில் சுரத்தின் சாயல்தான் கேட்கும், உடம்பு கேட்காது. ஹிப்ஹாப்பில் வரும் 808 கிக்கும் (808 என்ற மின்னணு மேளக் கருவியின் தாழ்ந்த அடி) அப்படித்தான். கோயிலில் உறுமி இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஏறுகிற ‘ஊம்’ என்ற சத்தத்தை வீட்டில் பதிவாகக் கேட்டு ஏமாந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னொரு காரணமும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. ஒலியைக் குறைத்தால் பேஸ்தான் முதலில் காதை விட்டுப் போகும். 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். அதனால், பிள்ளை தூங்கிய பிறகு மெதுவாகப் பாட்டுப் போட்டுக் கேட்கிறவருக்குத்தான் சப்வூஃபர் அதிகம் உதவும். ஊரையே அதிர வைக்க நினைப்பவருக்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

எத்தனை அங்குலம் வாங்கலாம்?

பத்துக்குப் பத்து அறையில் பாட்டுக் கேட்க 8 அங்குலம் போதும். படமும் நிறையப் பார்ப்பீர்கள், வைக்க இடமும் இருக்கிறது என்றால் 10. வீட்டுக்கு 12 வேண்டாம் என்பதுதான் நான் பார்த்தவரைக்கும் சரியாக வருகிறது.

ஏன் என்று சொல்கிறேன். ஒரே சத்தத்தில் 80 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறங்க வேண்டுமானால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 20-க்கு இறங்க அதைப் போல இன்னொரு நான்கு மடங்கு. சின்னக் கோனுக்கு அவ்வளவு தூரம் ஓட இடம் கிடையாது, ‘டப் டப்’ என்று முட்டும். 8 அங்குலத்தைவிட 10 அங்குலக் கோனுக்குப் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, 12-க்கு இரண்டேகால் மடங்கு. பரப்பு கூடினால் ஓட வேண்டிய தூரம் குறையும். ஆகவே பெரிய கோன் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்நூறு வெள்ளிக்கு 12 அங்குலம் கொடுக்கிறவர் எங்கேயாவது கை வைத்துத்தான் கொடுப்பார்: காந்தம் சின்னதாக இருக்கும், பெட்டிப் பலகை மெல்லியதாக இருக்கும், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் மின்சுற்று) சொத்தையாக இருக்கும். அதே காசில் ஒழுங்காகச் செய்த 8 அங்குலம் அதைவிட நன்றாகப் பாடும்.

ஐந்து அங்குலக் கோன் வைத்த 2.1 செட்டில் (இரண்டு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும்) ஒரு பெட்டிக்குச் சப்வூஃபர் என்று பெயர் போட்டிருப்பார்கள். அது 50, 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கணினி மேசைக்குச் சரி, ஹாலுக்கு எடுபடாது.

பெட்டியில் 3000 வாட் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

கூடவே பி.எம்.பி.ஓ. என்று இருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். அதற்கு அளவுகோல் என்று ஒன்று கிடையாது, யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் போடலாம். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்தான் ஆம்ப் தொடர்ந்து கொடுக்கும் சக்தி. சின்ன அறைக்கு 50 முதல் 100 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் ஏறும், காதுக்குக் கொஞ்சம் கூடியது போல இருக்கும், அவ்வளவுதான். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 50-க்கும் 70-க்கும் நடுவே கிடந்து யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

மூடிய பெட்டியா, ஓட்டை வைத்த பெட்டியா?

ஓட்டை என்று எல்லாரும் சொல்வது போர்ட். உள்ளே இருக்கும் காற்று அந்தக் குழாய் வழியாக ஒரு குறிப்பிட்ட சுரத்தில் கோனுக்குக் கைகொடுக்கும். அதனால் சின்ன ஆம்ப்பிலும் நிறையச் சத்தம் வரும். விலை குறைந்த பெட்டிகள் முக்கால்வாசி இந்த வகைதான். அந்தச் சுரத்துக்குக் கீழே போனால் கைவிட்டுவிடும், ஒலி சட்டென்று இறங்கும்.

மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் இந்த முறையில் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்த பிறகுதான் சின்னப் பெட்டியிலிருந்தும் ஆழமான பேஸ் வரும் என்பது வீடுகளுக்குத் தெரிந்தது. மூடிய பெட்டியில் ஒலி மெதுவாகச் சரியும், செங்கல் சுவர் உள்ள சின்ன அறை அதன் அடிப்பகுதியைத் தூக்கியும் கொடுக்கும். எனக்குச் சின்ன அறைக்கு மூடிய பெட்டிதான் பிடிக்கும். மிருதங்கத்தில் விழும் அடி அடியாகவே கேட்கும், பின்னால் வால் நீளாது.

ஆனால் கட்டுப்படியான விலையில் நல்ல மூடிய பெட்டி கிடைப்பது கடினம். போர்ட் உள்ளதை வாங்கி, அதிகமாக அதிர்ந்தால் அந்தக் குழாயில் ஒரு ஜோடி தடித்த காலுறையைச் சுருட்டிச் செருகிப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சத்தம் கொஞ்சம் குறையும், ‘பூம்’ அடங்கும். பிடிக்கவில்லையென்றால் உருவிவிடலாம், காசு ஒன்றும் செலவில்லை.

அண்ணே, பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் எந்தப் பாட்டுப் போட்டாலும் ஒரே ‘பூம் பூம்’. என்ன கோளாறு?

பெட்டியில் கோளாறு இல்லை, அறையில்தான். இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. காரணம், வாங்கியவர்களில் பாதிப் பேர் இதனால்தான் பெட்டியைத் திட்டிக்கொண்டு பாதி விலைக்கு விற்கிறார்கள்.

நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் ஓடும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 28 அடிக்கு மேல் நீளம், உங்கள் அறையோ பத்து அடி. அலை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பித் தன்மேலேயே விழும். இரண்டு சுவருக்கும் நடுவே அரை அலை சரியாகப் பொருந்துகிற சுரம் மட்டும் வீங்கிப் போகும். பத்தடிக்கு அது 57 ஹெர்ட்ஸ், பன்னிரண்டு அடிக்கு 47 அல்லது 48. இப்போது பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்துக்கு 57, அகலத்துக்கும் 57. கூரையும் பத்தடி உயரம் என்றால் மூன்றாவது முறையும் அதே 57. பாட்டில் எந்தச் சுரம் வந்தாலும் அறை அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு ஆடும்.

அந்தச் சுரம் சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும், அறை நடுவில் காணாமல் போகும். பெட்டியை மூலையில் வைத்தால் மூன்று பக்கத்து அலையையும் ஒரேயடியாக உசுப்பிவிடுகிறீர்கள். சத்தம் நிறைய வரும், தெளிவு போய்விடும். சுவரின் நடுவில் வைத்தால் அந்தச் சுவரின் நீளத்தில் எழும் முதல் அலை எழும்பவே எழும்பாது.

இடம் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் என் மச்சான் வீட்டில் அதைத்தான் செய்தோம். பத்து அங்குலப் பெட்டியைச் சோபாவுக்குப் பின்னால் மூலையில் வைத்துவிட்டு, ‘இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கி அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே, சோபாமேல் வைத்தோம். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் முட்டி போட்டு நகர்ந்தோம். காது பெட்டி இருக்கப்போகும் உயரத்தில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மூலையில் ஒரே இரைச்சல். கதவோரம் வந்தால் பேஸே இல்லை. டிவி மேசையின் இடது காலிலிருந்து இரண்டு ஓடு தள்ளி, சாமி மேடைக்கு முன்னால், அவர் பையன் தலையைத் தரையில் சாய்த்தபடி ‘மாமா, இங்கே எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி கேட்குது’ என்றான். பென்சிலால் ஓட்டில் கோடு போட்டோம். பெட்டியை அங்கே இறக்கி வைத்து அவர் சோபாவில் உட்கார்ந்தார். இரண்டு பாட்டு முடியும்வரை பேசவில்லை. பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நீங்கள் உட்காரும் இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். அறைக்குச் சரியான நடுவில் உட்கார்ந்தால் பேஸ் காணாமல் போகும், பின்சுவரில் தலை ஒட்டினால் வீங்கும். இரண்டடி முன்னே பின்னே நகர்ந்து பாருங்கள்.

எங்களுடையது பலகை வீடு, தகரக் கூரை. அதற்கும் இதே கணக்குதானா?

இல்லை. பலகைச் சுவர் பேஸைத் திருப்பி அடிப்பதைவிட வெளியே விட்டுவிடும். அதனால் ‘பூம்’ குறைவு, அது நல்லதுதான். செங்கல் அறை தரும் அடித்தூக்கலும் கிடைக்காது, அது நட்டம். லயத்து வீட்டுக்குக் கொஞ்சம் பெரியதாக, போர்ட் உள்ள 10 அங்குலம் எடுத்தால் சரியாக இருக்கும்.

அங்கே பெரிய தொல்லை கூடவே ஆடும் சாமான்கள்தான். தகரம், ஜன்னல் கண்ணாடிப் பட்டை, சுவரில் மாட்டிய சாமி படம் எல்லாம் சேர்ந்து கிடுகிடுக்கும். கைப்பேசியில் ஒலி அலை எழுப்பும் செயலி இலவசமாகக் கிடைக்கும். 30-லிருந்து 80 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே ஒவ்வொரு பொருளிலும் உள்ளங்கையை வையுங்கள். கை வைத்ததும் சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டான். படச்சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கதவுக்கு ஒட்டும் பஞ்சுப் பட்டையை ஒட்டுங்கள்.

பெட்டிக்குப் பின்னால் உள்ள திருகுகளை எப்படி வைப்பது?

கிராஸ்ஓவர் என்றிருப்பது, எந்தச் சுரம்வரை சப்வூஃபர் பாட வேண்டும் என்பதைச் சொல்லும் திருகு. ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவதில்லை, அதனால் பெட்டி எங்கே இருந்தாலும் உறுத்தாது. உங்கள் மற்ற ஸ்பீக்கர் மிகச் சின்னதென்றால் 100, 120-க்கு ஏற்ற வேண்டிவரும். அப்போது பெட்டியை அவற்றின் பக்கத்திலேயே வையுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் பாட்டுப் போடுவதில்லை, மின்னல் எஃப்எம் வானொலிச் செய்தியைப் போடுவேன். ஆண் செய்தி வாசிப்பாளரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வர வேண்டும். ‘வணக்கம்’ என்னும்போது தொண்டை மட்டும் மூலையிலிருந்து கேட்டால் கிராஸ்ஓவர் அதிகம். குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தால் சப்வூஃபர் ஒலி அதிகம்.

ரிசீவர் (டிவி, பிளேயர் எல்லாவற்றையும் இணைத்து ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்) வைத்திருந்தால் பிரிக்கும் வேலையை அதுவே செய்யும். பெட்டியின் கிராஸ்ஓவரை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள், இரண்டு இடத்தில் வெட்ட வேண்டாம்.

ஃபேஸ் என்ற பொத்தானை 0, 180 என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். உட்கார்ந்த இடத்தில் எதில் பேஸ் கூடுதலாக இருக்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்க, வேறொருவர் தட்டினால் நல்லது.

ஒலியளவைப் பழகிய பாட்டில் வையுங்கள். பிடித்த அளவு வந்ததும் அதிலிருந்து ஒரு துளி குறையுங்கள். புதிதாக வாங்கிய ஆசையில் எல்லாரும் கூட்டித்தான் வைப்போம்.

என் மினி ஹைஃபையில் சப்வூஃபர் வயர் செருகும் துளையே இல்லையே?

சில பெட்டிகளில் ஸ்பீக்கர் கம்பியையே நேராக மாட்டும் முனைகள் இருக்கும். ஹைஃபையிலிருந்து சப்வூஃபருக்கு ஒரு ஜோடிக் கம்பி போட்டால் வேலை முடிந்தது. வாங்குமுன் பெட்டியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், சிவப்பு கறுப்பு முனைகள் இருக்கின்றனவா என்று. போல்க் பிஎஸ்டபிள்யூ10-இல் அவை உண்டு. டிவி மட்டும்தான் என்றால் அதன் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆர்.சி.ஏ. வயர் (சிவப்பு வெள்ளை முனையுள்ள ஒலி வயர்) இழுக்கலாம். பல டிவிகளில் அதை மாட்டினால் உள் ஸ்பீக்கர் அடங்கிவிடும், அமைப்புக்குள் போய்ப் பாருங்கள்.

உள்ளே ஆம்ப் இல்லாத பெட்டியும் விற்கிறார்கள். மின் வயர் இல்லையென்றால் அந்த வகை. அதற்குத் தனி ஆம்ப் வாங்க வேண்டும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சவுண்ட்பாரோடு வந்த கம்பியில்லாப் பெட்டியைத் தனியாக வாங்காதீர்கள், அது தன் ஜோடியோடு மட்டும்தான் பேசும்.

ஐந்நூறு வெள்ளிக்கு எதைத் தேடுவது?

பெயர் தெரியாத புதியதைவிட, பெயர் உள்ள பழையது. யமஹா என்எஸ்-எஸ்டபிள்யூ050 எட்டு அங்குலம், எஸ்டபிள்யூ100 பத்து அங்குலம், இரண்டுமே 50 வாட். சின்ன அறைக்கு முதலாவது போதும். எடிஃபயர் டி5 எட்டு அங்குலம், 70 வாட் ஆர்.எம்.எஸ். மேலே சொன்ன போல்க் பத்து அங்குலம். இவற்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் யோசிக்காமல் எடுக்கலாம். விலை வாரத்துக்கு வாரம் மாறும், இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

பழையது வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் முதுகில் உள்ள தகட்டைப் படியுங்கள். நம் நாட்டில் மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்து இறங்கும் பழைய சாமான் கடைகளில் அருமையான பெட்டிகள் கிடைக்கும், ஆனால் அவை 100 வோல்ட். சென்ற வருடம் ஒரு தம்பி அப்படி ஒன்றை ஆசையாக வாங்கி வந்து, வீட்டில் செருகிய கையோடு என்னிடம் தூக்கி வந்தார். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் கருகிய வாடை அடித்தது. மின்மாற்றிச் சுருள் கறுத்துப்போய், மேலே சுற்றிய மஞ்சள் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்க்கத்தான் அதிகம் வருத்தமாக இருந்தது. 100 வோல்ட் பெட்டி வேண்டுமானால் 230-ஐ 100 ஆக்கும் மின்மாற்றியைச் சேர்த்து வாங்குங்கள். தகட்டில் உள்ள வாட்டைவிட அது பெரியதாக இருக்க வேண்டும். அந்த விலையையும் கூட்டிப் பார்த்தால் சில வேளை லாபமே இருக்காது.

அடுத்தது கோனின் விளிம்பு. அது நுரையாக இருந்தால் விரலால் மெதுவாகத் தொடுங்கள். நம் ஈரக் காற்றில் நுரை பத்துப் பதினைந்து வருடத்தில் மாவாகிவிடும், விரலில் கறுப்புத் துகள் ஒட்டும். விளிம்பு ரப்பராக இருந்தால் பல வருடம் தாங்கும். ரப்பர் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த இழுவையும் வழவழப்பும் தொட்டவுடன் தெரியும்.

பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டு, நான்கு விரலைக் கோனைச் சுற்றிச் சமமாக வைத்து, மாவு பிசையும் பதத்தில் அழுத்தி விடுங்கள். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். ‘சர சர’ என்று உரசினால் உள்ளே சுருள் கோணிவிட்டது, வேண்டாம். கடைசியாக மின்சாரம் கொடுத்து, பாட்டு இல்லாமல் பெட்டிமேல் காதை வையுங்கள். ஒரு மெல்லிய இரைச்சல் பரவாயில்லை, கனத்த உறுமல் கூடாது.

கார் சப்வூஃபர் சும்மா கிடக்கிறது. வீட்டில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நினைத்தது வராது. காரின் உள்ளிடம் சின்னது, மூடியது. அடியிலுள்ள சுரங்களை அதுவே தூக்கிக் கொடுக்கும். அதை நம்பித்தான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். வீட்டுக்குள் அந்தத் தூக்கல் குறைவு, பேஸ் மெலிந்து கேட்கும். கார் ஆம்ப்புக்கு 12 வோல்ட் வேண்டும். 300 வாட் என்றால் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்கான மின்வழங்கி மலிவில்லை. பேசாமல் விற்றுவிட்டு வீட்டுப் பெட்டி வாங்குங்கள்.

கோயில் செட்டில் உள்ள 18 அங்குலத்தைக் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அது திறந்த வெளியில் கூட்டத்துக்குக் கேட்பதற்காகச் செய்தது. ஹாலில் அதற்கு வேலையில்லை.

ஒரு பெரியது நல்லதா, இரண்டு சின்னதா?

காசு இருந்தால் இரண்டு சின்னது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று. ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்ட்டி என்பவர் 2002-இல் இதை ஆராய்ந்து, அறைக்குள் பல இருக்கைகளுக்கும் பேஸ் சமமாகப் போய்ச் சேர இந்த அமைப்பு நன்றாக உதவுகிறது என்று காட்டினார். நீங்கள் ஒருவர் மட்டும் ஓர் இடத்தில் உட்கார்ந்து கேட்பதென்றால் ஒன்றைச் சரியாக வைத்தாலே போதும்.

பக்கத்து வீட்டில் செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் வேலை. பகலில் தூங்குவார். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். உண்மையைச் சொல்கிறேன்: பேஸைச் சுவர் தடுக்காது. ஒலி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு எளிதாகச் சுவரைக் கடக்கும். உங்களுக்குப் பாட்டாகக் கேட்பது அவருக்கு ‘டும் டும்’ என்று மட்டும் போகும், அதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. பஞ்சு ஒட்டினாலும் முட்டை அட்டை ஒட்டினாலும் இதற்கு உதவாது.

உதவுவது சில உண்டு. பொதுச்சுவரில் பெட்டியை ஒட்டாதீர்கள், எதிர்ப் பக்கத்துக்கு மாற்றுங்கள். தரை வழியே அதிர்வு போகாமல் தடித்த ரப்பர் பாய் போடுங்கள், கொஞ்சம் குறையும். பெட்டியை உங்களுக்கு அருகிலேயே, சோபாவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்தால் குறைந்த ஒலியிலேயே நிறைவாகக் கேட்கும், சுவருக்குப் போவதும் குறையும். சின்ன அறையில் இதை நான் மிகவும் சிபாரிசு செய்வேன். அப்புறம், அவரிடம் போய் நேரத்தைக் கேளுங்கள். ‘அண்ணே, நீங்கள் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?’ என்ற ஒரு கேள்வி போதும். பாட்டுப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குள் நின்று நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பாட்டு இல்லாதபோதும் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது.

ஆர்.சி.ஏ. வயரைச் சப்வூஃபரிலிருந்து உருவுங்கள். இரைச்சல் தொடர்ந்தால் ஆம்ப்பில் பழுது, பெரும்பாலும் கெப்பாசிட்டர். நின்றுவிட்டால் வயர் வழியாக வருகிறது. ஆஸ்ட்ரோ (செயற்கைக்கோள் டிவி) வயரையும் ஏரியல் வயரையும் டிவியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் அங்கேதான் இருக்கும். எல்லாச் சாமானையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினாலும் சில வேளை போய்விடும். இரைச்சலுக்காக எர்த் முனையை மட்டும் யாரும் வெட்டாதீர்கள். உயிர்க்காப்பு அது.

இடி, ஈரம், பூச்சி இவற்றிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

மாலையில் மலைப்பக்கம் இருட்டினால் செருகியை உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஆஸ்ட்ரோ வயரையும் சேர்த்து உருவுங்கள், இடி அந்த வழியாகவும் வரும். என்னிடம் பழுதுக்கு வரும் ஆம்ப்களில் மழைக்காலத்தில் வருபவைதான் அதிகம்.

பெட்டிப் பலகை பெரும்பாலும் மரத்தூளை அமுக்கிச் செய்தது. தரை கழுவும் தண்ணீர் அடியில் பட்டால் ஊறி உப்பிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. நான்கு மூலையிலும் ரப்பர் கால் வைத்து அரை அங்குலம் தூக்குங்கள். தரை துடைக்கிறவரிடமும் சொல்லி வையுங்கள்.

போர்ட் குழாய்க்குள் பல்லி முட்டையிடும், குளவி மண் கூடு கட்டும். ஊருக்குப் போகும்போது அதே காலுறையைச் செருகிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பாட்டுப் போடுமுன் உருவி, கைவிளக்கடித்து உள்ளே ஒருமுறை பாருங்கள்.